நான் மாற்றி வைத்த எல்இடிகள்

சிங்கப்பூர் சிராங்கூனில் எங்கள் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒரு வருடம், வழக்கமாகக் கேக் செய்து தரும் நான் வயரிங் செய்தேன். அது எரியவில்லை. பாடகர் குழு முழுவதும் கேட்க, குழுவில் மூத்தவரான அந்தோணி அண்ணன், "கேக் செய்யறவங்க கேக் செய்யட்டும்லா, வயரை எதுக்குத் தொடணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் என் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருடம் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அவர் வாங்கி வைத்த நான்கு கால் கலர் எல்இடிகளை யாரும் பார்க்காதபோது எடுத்துவிட்டு, வேறு வகையைப் போட்டு வைத்தேன். அவருடையதில் மூன்று நிறத்துக்கும் பொதுவான கால், அதாவது பொதுக்கால், மைனஸ்; நான் போட்டதில் பிளஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் அவருடைய வயரிங்கில் இது எரியாது.

அவருடைய நட்சத்திரமும் எரியவில்லை. எலக்ட்ரானிக் பாகங்களைச் சோதிக்கும் டெஸ்டர் என்னிடம் இருந்ததால், ஓர் எல்இடியைக் கழற்றிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"கெட்டுப்போச்சா, பாரு தங்கச்சி."

டெஸ்டரில் மாட்டினேன். அதன் திரையில் மூன்று நிறத்துக்கும் டயோடு படங்கள் தெளிவாக வந்தன. எல்இடி நன்றாக இருந்தது, பொதுக்கால் பிளஸ். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"எல்லாம் டெட்டுண்ணே" என்றேன்.

அவர் பாடகர் குழுவைக் கூப்பிட்டார். "போன வருஷமும் எல்இடிதான் கெட்டிருக்கும். தங்கச்சியைத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சிடும்மா."

நான் காத்திருந்த வார்த்தை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

முதல் வருடம் எல்இடிகள் கெடவில்லை, என் வயரிங்தான் தப்பு. அன்றே வீட்டில் இதே டெஸ்டரில் பார்த்துவிட்டேன். தெரிந்தேதான் ஒரு வருடம் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்தேன்.