தட்டில் விட்ட இடம்

நான் படித்தது பொருள் வடிவமைப்பு. எங்கள் சொந்தக்காரர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. "கதிரை, போத்தில், விளக்கு எல்லாம் எப்பிடி இருக்கவேணும் எண்டு யோசிக்கிற படிப்பு, அங்கிள்" என்று ஒருவருக்கு அவர் உட்கார்ந்திருந்த கதிரையையே காட்டிச் சொன்னேன். "கதிரை கதிரை மாதிரித்தானே பிள்ளை இருக்கவேணும்? அதுக்கும் காலேஜோ?" என்றார். அம்மாவிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எம்புள்ள படிச்சிருக்கு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பிக் கிளிநொச்சியில் குடியேறியவர்கள். அம்மாவின் பேச்சில் தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இடம்பெயர்ந்த போதெல்லாம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்ததில் அவளுடைய படிக்கிற வயது கழிந்துவிட்டது. ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. எனக்கு வகுப்பறை கிடைத்தது, அக்காவுக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துப் போத்தில், வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

படிக்கும்போதே யங் வீதியின் வடக்குப் பக்கத்தில் ஒரு கொரியக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்தேன். பரிசுப்பொருட்களைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய பெண். எல்லோரும் அவரை 'சாஜங்னிம்' என்று கூப்பிடுவோம். முதலாளி என்பதற்கு அவர்களுடைய மரியாதைச் சொல். பழைய கொரியப் பொருள் எதையும் அவர் இன்றைய வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவார். ஹன்பொக் என்கிற மரபு உடையைச் சிறு பிள்ளைகளுக்கு மெஷினில் தோய்க்கக்கூடிய துணியில் தைத்தார். அரண்மனைப் பேழைகளில் பதிக்கும் சிப்பித் துண்டுகளை விசிட்டிங் கார்ட் வைக்கும் பெட்டியில் பதித்தார். முன்பு கொரியர்கள் மட்டுமே வந்த கடைக்கு அந்த வருடங்களில் சீனர், ஈரானியர், கொரிய நாடகம் பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வரத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு மூலையில் முதலாம் பிறந்தநாளுக்கான பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. கொரியக் குழந்தைக்கு ஒரு வயதாகும்போது அரிசி, நூல், புத்தகம், தூரிகை, காசு, வில் என்று முன்னால் பரப்பிவைப்பார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். முதல்முறை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். சாஜங்னிம் முகம் மாறியது. "எங்களிடமும் இது இருக்கிறது" என்று அவசரமாகச் சொன்னேன். எங்கள் ஆட்கள் குழந்தைக்குப் பல் முளைத்ததும் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை என்று வைப்பார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு தட்டைக் கையில் எடுத்து, "அப்படியென்றால் இந்தப் பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் நீ ஒன்று செய்து காட்டு" என்றார்.

அது இலங்கையில் போர் முடிந்த வருடம். கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவில்லை. அப்பாவும் அக்காவின் கணவரான அத்தானும் வேலை முடிந்ததும் ஊர்வலங்களுக்குப் போனார்கள். அத்தானுடைய குடும்பம் முழுவதும் சண்டை நடந்த இடத்துக்குள்ளே அகப்பட்டிருந்தது. மே மாதம் எல்லாம் முடிந்த அந்தக் கிழமையில்தான் அக்காவின் மகனுக்கு முதல் பல் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் என் மேசையில் குனிந்து வட்டத் தட்டு ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். ஆறு பொருள், ஒவ்வொன்றும் அமர்ந்துகொள்ள அதன் வடிவிலேயே ஆறு பள்ளம். பக்கத்து மார்க்கம் நகரில் இருந்த தச்சர் மேப்பிள் மரத்தில் மாதிரி ஒன்றைக் கடைந்து தந்தார்.

ஜூலையில் வவுனியா முகாமிலிருந்து அத்தானுடைய தாய், யாரோ ஒருவரின் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். அத்தானுடைய தம்பியைப் பற்றி மட்டும் தகவல் இல்லை என்றார். பிறகு, "பெடியனுக்குப் பல்லு வந்திட்டுதோ? கொழுக்கட்டை கொட்டினனீங்களோ?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வோபர்னில் அக்காவின் அப்பார்ட்மென்டில் விழா வைத்தோம். என் தட்டை நான் பெருமையோடு நடுவில் வைத்தேன்.

கொழுக்கட்டை கொட்டி, பிள்ளைகள் பொறுக்கி முடித்த பிறகு அக்கா தட்டைப் பார்த்தாள். பார்த்ததும் மகனை இறுக்கிப் பிடித்தாள்.

"உதை எடு."

"எதையக்கா?"

"அந்த வில்லை. என்ர பிள்ளை உதைத் தொடக்கூடாது."

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். அதன் பள்ளம் மட்டும் வளைந்து வெறுமையாகக் கிடந்தது.

"ஒரு சாமான் விழுந்து போச்சோ பிள்ளை?" என்றார், அப்போதுதான் உள்ளே வந்த பக்கத்து வீட்டு அன்ரி.

அத்தான் எழுந்து சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"இது கள்ள ஆட்டம்" என்றாள் அக்கா. "அவன் நாள் முழுக்கச் சப்புறது உந்தத் திறப்பைத்தானே."

"வைக்கட்டும் விடு புள்ள" என்றார் அம்மா. "அவனுக்கு ஒரு வீடு வேணாமா?"

மருமகன் புத்தகத்தையும் தூரிகையையும் தாண்டித் தவழ்ந்துபோய்த் திறப்பைத் தூக்கி வாய்க்குள் வைத்தான். "சரி, ஸ்ரௌவ்வில்லில வீடு நிச்சயம்" என்றார் கதிரைக் கேள்வி கேட்ட அதே அங்கிள், எங்கள் ஆட்கள் புது வீடு வாங்கும் புறநகரை நினைத்து. "மோர்கேஜ் கட்ட அந்தக் காசையும் தூக்கச் சொல்லுங்கோ." மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒன்றாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நாள் சாஜங்னிமிடம் போய், தட்டிலிருந்து வில்லை எடுத்துவிட வேண்டும் என்றேன். ஆறாவது பள்ளத்தை எந்த வடிவமும் இல்லாமல் வழவழவென்று விட்டுவிடுவோம், ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியதை அதில் வைக்கட்டும் என்றேன்.

"வில் எங்கள் சம்பிரதாயம்" என்றார்.

"போன வருடம் ஸ்டெதஸ்கோப்பும் மைக்கும் வைத்தீர்களே, அவை?"

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. "ஒன்றைச் சேர்த்தால் வாங்குகிறவர் சந்தோஷப்படுவார். ஒன்றை எடுத்தால் களவு போய்விட்டது என்று நினைப்பார். பத்துத் தட்டுச் செய்வோம். சூசொக் வரைக்கும் பார்ப்போம். விற்றால் நீ இங்கே முழுநேர வடிவமைப்பாளர். விற்காவிட்டால் பரிசு சுற்றும் மேசைதான், அதுவும் கிறிஸ்மஸ் வரைக்கும்."

சூசொக் அவர்களுடைய அறுவடைத் திருநாள், இலையுதிர் காலத்து முழுநிலாவில் வரும். எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதம்.

ஆகஸ்டில் நான்கு தட்டு விற்றது. அவற்றில் இரண்டு திரும்பி வந்தன. "ஒரு சாமான் குறைகிறது" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஏனென்றால் பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்திருந்தேன். ஆங்கிலத்திலும் கொரிய மொழியிலும், வெறும் இடம் எதற்கு என்று அழகான நான்கு வரி. ஆங்கில வரிகளை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

திரும்பி வந்த பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அட்டையை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பிறகு மின்சாரக் கட்டணக் கடிதத்தைத் தருவது போல என்னிடம் நீட்டினார். அட்டையைக் கையில் வாங்கியபோதுதான் விளங்கியது. நான் அதைப் படித்தவர்களுக்காக, அதுவும் வாசிக்கப் பொறுமை இருக்கிறவர்களுக்காக எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திறக்கிற தாய் ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பாள். அவள் எங்கே நான்கு வரி வாசிக்கப் போகிறாள்?

எழுத்து முழுவதையும் எடுத்துவிட்டு ஆறு படம் வரைந்தேன். ஐந்தில் ஐந்து பொருள். ஆறாவதில் வெறும் பள்ளத்துக்கு மேல் எதையோ வைக்க வரும் ஒரு கை, பக்கத்தில் ஒரு திறப்பு, ஒரு வளையல், ஒரு பந்து. அம்மாவிடம் காட்டினேன்.

"இது அரிசி. இது காசு. இது என்னா புள்ள, விளக்குமாறா?"

"தூரிகை அம்மா. பிரஷ். படம் வரையிறது."

"இதுல எங்க படம் வரையிறது? ஒட்டட தான் அடிக்கலாம்."

தூரிகையைத் திருத்தி வரைந்தேன். மூன்றாம் முறைதான் அம்மா ஒத்துக்கொண்டார். கடைசிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்" என்றார்.

புதிய அட்டையோடு தட்டுகளைத் திரும்பவும் அடுக்கினோம். அதற்குப் பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒரு கொரியத் தகப்பன் ஐஸ் ஹொக்கி விளையாடும் ரப்பர் வட்டை அந்த இடத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு ஈரானியப் பெண் சின்னக் கவிதைப் புத்தகம் வைத்தார். ஸ்காபரோவிலிருந்து தமிழ்த் தாய்மார் வந்து, "வில்லு இல்லாத தட்டு இதுதானே தங்கச்சி?" என்று கேட்டு வாங்கினார்கள். அக்கா எத்தனை பேருக்குச் சொன்னாளோ தெரியாது. வில் வேண்டும் என்றவர்களுக்கு அது தனியாக ஒரு சின்னப் பையில் கிடைத்தது.

திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பத்தாவது தட்டும் போனது. அன்று மாலை சாஜங்னிம், காட்சிக்கென்று தனியாகச் செய்திருந்த தட்டை மூலையிலிருந்து எடுத்துவந்து வீதிப் பக்கக் கண்ணாடிக்குள் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பாராமலே, "பரிசு சுற்ற யாராவது நல்ல பிள்ளை தெரியுமா? அந்த மேசைக்கு ஆள் இல்லை" என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தானுடைய கூட்டாளியின் குழந்தைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. கூடத்தின் நடுவில் என் தட்டு இருந்தது. அதைச் செய்தது யார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தாய், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒண்டுமே இல்லையே" என்றாள்.

அம்மா எழுந்து போய் அட்டையை வாங்கினார். நான் வீட்டுக் கடிதங்களைப் பிடிக்கிறது போல இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சபை முழுவதும் கேட்க, ஒவ்வொரு படத்தின் கீழும் விரலை வைத்து வாசித்தார்.

"இது புத்தகம். இது நூலு, ஆயுசுக்கு. இது அரிசி. இது காசு. இது தூரிகை." விரல் கடைசிப் படத்தில் நின்றது. "இந்த எடத்துல அவங்கவங்க வீட்டுச் சாமான வச்சுக்கலாம்."

பிறகு அட்டையை மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"எம்புள்ள செஞ்சது" என்றார்.