இறக்கத்தில் ஓர் அவசரம்

போடிமெட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில் சவுகத் அலி ஜீப்பை நிறுத்தி, நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு, பிரேக் சூடேறாமலிருக்க, இரண்டாம் கியரைப் போட்டால் அடிவாரம் வரை மாற்ற மாட்டார். ஏலக்காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் வருடக்கணக்காக அவரைக் கேலி செய்துவந்தார்கள்.

“என்னண்ணே, வண்டிக்குக் காய்ச்சலா?” என்பாள் மகாராணி.

“வேகமாப் போறது வேற, அவசரப்படுறது வேற தாயி,” என்பார் அவர். பக்கத்தில் உட்கார்ந்து வரும் அன்னக்கொடியும் சேர்ந்து சிரிப்பாள்.

போன ஐப்பசியில் அன்னக்கொடியின் மகள் முத்துப்பிரியாவும் காயெடுக்க வந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. மத்தியானம் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தாள். சேலையெல்லாம் ரத்தம். ஆம்புலன்சு மலையேறி வர நேரமாகும், எதிரே இறங்கி வாருங்கள் என்று போனில் சொன்னார்கள். மகளை மடியில் கிடத்திக்கொண்டு அன்னக்கொடி ஜீப்பின் பின்னால் உட்கார்ந்தாள்.

“வெரசா போங்கண்ணே!”

“போறேன் ஆத்தா. இந்த எறக்கத்துல இதான் வேகம்.”

“ஒங்க மகளா இருந்தா இப்பிடி உருட்டுவீங்களா?”

சவுகத் அலி மூன்றாம் கியருக்கு மாற்றினார். காற்று முகத்தில் அறைந்தது. வளைவுகள் மளமளவென்று பின்னால் போக, அன்னக்கொடிக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. நாலைந்து வளைவு தாண்டியதும் கருகல் வாடை அடித்தது. பிரேக்கை மிதித்தால் மெத்தென்று உள்ளே போனது. சவுகத் அலி வண்டியை மலைப்பக்கம் உரசி நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

அன்னக்கொடி தண்ணீர் பாட்டிலோடு குதித்தாள்.

“ஊத்தாத ஆத்தா, வெடிச்சிரும். தானா ஆறணும்.”

“எம்புட்டு நேரம்?”

அவர் குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, வண்டி ஏன் நிக்குது?” என்றாள் முத்துப்பிரியா.

“இந்தா கெளம்பிருச்சு கண்ணு.” மகளின் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. ஆம்புலன்சின் சத்தம் எங்கோ கீழே கேட்டது. ஒரு வளைவில் கேட்கும், மறு வளைவில் அடங்கிவிடும். கேட்கும்போதெல்லாம் ரோட்டில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது.

முத்துப்பிரியா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் விஜயபாண்டி சவுகத் அலியின் சட்டையைப் பிடித்தான்.

“ஏன்யா நடுவழியில நின்ன?”

“பிரேக்கு காஞ்சிருச்சு தம்பி. என் தப்புதான்.”

அன்னக்கொடி பக்கத்தில்தான் நின்றாள்.

முத்துப்பிரியா இப்போது ராசிங்காபுரத்தில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். விஜயபாண்டி சவுகத் அலியோடு பேசுவதில்லை. அந்த எஸ்டேட்டுக்கு வேறு ஜீப் கிடையாது. அன்னக்கொடி தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். வெரசா போகச் சொன்னது தான்தான் என்று மருமகனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.