ஆத்தா தண்ணீர் குடித்த நேரம்

ஆற்றின் சத்தம் நின்றுபோனதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது. மலேசியாவில் சுங்கை லாலாங் என்ற ஊரைத் தாண்டி, மலையடிவாரத் தோட்டத்தில் ஓடிய சின்ன ஆறு அது. எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று சொல்லி, புவியியல் டீச்சர் அவர்களை ஆற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டிருந்தார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். “மலையிலேயிருந்து ஆறு என்னத்தைக் கொண்டுவருது எண்டு கையாலே தடவிப் பாருங்கோ” என்று யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பயிற்சி ஆசிரியை. சற்றுத் தள்ளித் தோட்டத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று சலசலப்பு அடங்கியது. கணுக்காலைச் சுற்றி ஓடிய தண்ணீர் வடிந்து கற்கள் தலைகாட்டின. ஒரு மீன் மணலில் கிடந்து துள்ளியது.

அடுத்து நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பிள்ளைகள் மீனைப் பிடிக்கக் குனியவில்லை. பெண்கள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். எல்லோரும் கைகூப்பித் தலைகுனிந்து, ஆற்றின் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நானும்தான், நானும் தோட்டத்தில் பிறந்தவள். மலைமேல் இருக்கும் ஆத்தா எப்போதாவது ஆற்றில் வாய்வைத்துக் குடிப்பாள், அவள் குடித்து முடிக்கும்வரை அசையவும் கூடாது பேசவும் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. நான் சிறுமியாக இருந்தபோதும் ஆறு அப்படி நின்று, கொஞ்ச நேரத்தில் சாதுவாகத் திரும்பி வந்திருக்கிறது. சருகும் கிளையும் மேலே எங்காவது அடைத்திருக்கும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அந்த ஆண்டு மலைச்சரிவில் காட்டை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். முழு மரங்களே ஆற்றில் குறுக்கே கிடந்தன. விடியற்காலையிலிருந்து மேலே மழை வேறு. இத்தனையும் தெரிந்திருந்தும் என் கால்கள் நகரவில்லை. படிப்பு வேறு, பயம் வேறு.

டீச்சர் டவுன்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதே சமயம், சாமிதான் மழையை அனுப்புகிறது என்று எழுதிய பையனுக்கு முட்டை போட்டவர். அவர் மீனைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். “ஏறுங்கோ! எல்லாரும் கரைக்கு ஏறுங்கோ!” என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நட்டுவைத்த கம்பம் போல நின்றாள். “சும்மா இருங்க டீச்சர், ஆத்தா குடிக்கிறா” என்று துவைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்போது மேலேயிருந்து ஒரு காற்று வந்தது. அதில் பச்சை மண்வாடை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

டீச்சர் பிடித்த கையை விட்டார். அவரிடம் அதுவரை நான் கேட்டேயிராத குரலில், அச்சு அசல் எங்கள் தோட்டத்து லயவீட்டுத் தமிழில் அலறினார்: “ஆத்தா குடிச்சு முடிச்சிட்டா! எந்திரிச்சு வர்றா! வழி விடுங்கடி!”

எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். கடைசிப் பிள்ளை கரையேறியதும் வந்தது தண்ணீரே அல்ல, மரமும் மண்ணும் கலந்த ஒரு சுவர். துவைக்கிற கல்லையும் துணிமணியையும் வாரிக்கொண்டு போனது. எங்களில் ஒருவரையும் அது தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்து, மரங்கள் எப்படி அடைத்தன, எப்படி உடைந்தன என்று விளக்கினார். பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் அவரைப் பார்த்த பார்வை, சாமி வந்தவரைப் பார்க்கிற பார்வை. தோட்டத்தில் அவருக்குத் தேங்காய் பழத்தட்டுகூட வந்தது. “இவ்வளவு காலம் படிப்பிச்சதை ஒரு சொல்லாலே நானே அழிச்சுப்போட்டன்” என்றார் என்னிடம். “பிள்ளைங்க உயிரோட இருக்காங்களே டீச்சர்” என்றேன். “அந்தச் சொல்லுக்குத்தானே எழும்பினவை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மலைச்சரிவில் வெட்டிய காட்டுக்குப் பதில் எண்ணெய்க்கான செம்பனை நின்றது. நான் என் மாணவர்களோடு அதே ஆற்றில் இறங்கியிருந்தேன். மறுபடியும் சத்தம் நின்றது. நான் வாய் திறப்பதற்குள் ஒரு சிறுமி என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏறுங்க டீச்சர்! ஆத்தா எந்திரிக்கப் போறா!” கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். துவைத்த பெண்கள் ஈரத்துணியை இடுப்பில் அணைத்தபடி எங்கள் பக்கத்தில் நின்றார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். “அந்தக் காலத்துலேர்ந்தே இப்படித்தான்லா டீச்சர்” என்றாள் ஒருத்தி. எனக்குக் கண் கலங்கியது. இதை என் பழைய டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

காத்திருந்தோம். காற்று வரவில்லை. மண்வாடையும் இல்லை. ஈர மணல் வெளுக்கத் தொடங்கியது. மீனைத் தேடிக் காக்கைகள் ஆற்றின் நடுவில் இறங்கி நடந்தன. மேலே தடுப்பு கட்டி, தண்ணீரைக் குழாயில் டவுனுக்குத் திருப்பிவிட்டது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“டீச்சர், ஆத்தா வரலன்னா என்ன செய்யணும்?” என்று அந்தச் சிறுமி கேட்டாள்.

அதற்கு ஒரு சொல்லை எங்கள் ஆட்களும் வைத்துவிட்டுப் போகவில்லை, டீச்சரும் வைத்துவிட்டுப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று மட்டும் சொன்னேன்.