கட்டைவிரல் குழி

கங்கம்மாவின் வீட்டில் வெள்ளி என்று சொல்ல ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. மூக்கு நீண்ட சிறு கிண்ணம். அவள் கணவன் முனிரத்தினத்தின் தாய் வேலூர்ப் பக்கத்திலிருந்து அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கொடுத்தது அவள் மாமியார். பிடிக்கும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. பிள்ளை வளர்த்த பெண்கள் பிடித்துப் பிடித்தே தேய்ந்த குழி அது. விளிம்பில் முனிரத்தினத்தின் பால்பல் தடம்.

நான் அப்போது தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கங்கம்மாவின் பிள்ளை மாதம் நிறையுமுன் பிறந்துவிட்டான். உறிஞ்சத் தெம்பில்லை. கரண்டியில் கொடுத்தால் புரையேறியது, பாலாடையில் இறங்கியது.

விடிகாலையில் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பனிக்குள் மிதக்கும். கல் இடிக்கும் மில்லின் ஓசை ஓயாது. தரையும் சுவரும் தொட்டிலும் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் பிள்ளை தூங்குவான். கங்கம்மா பாதித் தூக்கத்தில் பாலாடையைச் சாய்த்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஊட்டுவாள். அவர்களில் பலரை அவள் கண்டதேயில்லை. ஆனாலும் அந்தச் சிறு அறையில் அவர்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நான் பிள்ளையின் எடையைப் பார்ப்பேன்.

அந்தக் குடும்பத்தில் யார் புது வேலைக்குப் போனாலும், முதலில் அந்தப் பாலாடையில் ஒரு வாய் பால் குடிக்க வேண்டும். முனிரத்தினம் சுரங்கத்திலிருந்து மில்லுக்கு மாறிய அன்று, பால் காயுமுன் சங்கு ஊதிவிட்டது.

"மில்லு கேட்டாண்ட பால் வாங்கிக் குடிச்சிக்கிறேன். சோத்துக்கு வரசொல்ல குடுத்துடறேன்" என்று பாலாடையைத் துண்டில் முடிந்துகொண்டு ஓடினான்.

மில்லில் தங்கம் பாதரசத்தோடு கலந்து வெள்ளையாகப் படியும். பார்த்தால் மங்கிய வெள்ளிதான். நெருப்பில் காட்டினால் ரசம் பறந்து மஞ்சள் மிஞ்சும். அதனால் மில் ஆட்கள் வெள்ளிச் சாமான் எதையும் அந்த வாசல் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். பூமிக்கடியிலேயே வேலை பார்த்தவனுக்கு அது தெரியவில்லை.

மத்தியானம் அவன் வரவில்லை. திருட்டுத் தங்கம் என்று வாசலில் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. பிள்ளை பசியில் அழக்கூட முடியாமல் முனகினான். கங்கம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எடை பார்க்க வந்திருந்த நான், பீய்ச்சிய தாய்ப்பாலோடு பின்னால் போனேன்.

வாசல் காவல்காரர் சாம்ராஜ், இடுக்கியில் பாலாடையைப் பிடித்துக் கரியடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். மூக்கு நுனி கறுத்து வளைந்திருந்தது. முனிரத்தினம் ஓரமாக நின்றிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் காட்டுனா மஞ்சள் தெரியும்" என்றார்.

"உருகிடும்ணா! உங்க வூட்ல பாலாடையச் சுட்டுத்தான் புள்ளைக்குப் புகட்டுவாங்களா?" என்றாள் கங்கம்மா.

சோதனைக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். சாம்ராஜுக்குக் காது சிவந்தது.

"இன்னாம்மா வாய் இது! ரசம் இல்லன்னு யார் சொல்றது?"

"எம் புள்ள சொல்லுவான். குடுங்க."

"ரசம்னா விஷம். பெத்தவ ஊட்டுவாளா? குடுத்துப் பாருங்க" என்றேன் நான்.

சாம்ராஜ் பாலாடையைத் தண்ணீரில் முக்கினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. நான் அதைக் கழுவித் துடைத்து, சூடு போய்விட்டதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன். கங்கம்மா தரையில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் குழியில் போய் அமர்ந்தது. பாலை ஊற்றிச் சாய்த்தாள். வழக்கம்போல் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். மில் இடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் தொண்டை ஏறி இறங்கியது.

சாம்ராஜ் இடுக்கியைக் கீழே வைத்தார். "முனிரத்தினம், நாளைக்கு வெறுங்கையோட வா."

திரும்பும் வழியில், தட்டானிடம் கொடுத்து மூக்கை நிமிர்த்தி, கறுப்பையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"நிமித்திக்கலாம் நர்சம்மா. கறுப்பு இருக்கட்டும். இந்தக் குழி மாமியார் கையி, இந்தத் தடம் இவரு பல்லு. இந்தக் கறுப்பு இவன் சாட்சி சொன்ன நாளு."

அடுத்த பிள்ளை நிறைமாதத்தில் பிறந்தது. பார்க்கப் போனபோது அரைத் தூக்கத்தில் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாலாடையைப் பிடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசியில் "சாம்ராஜ் அண்ணன்" என்றாள்.