லயத்துக்கு அடியில் எடுத்த படம்

தோண்டாமலே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறவனை மலைக்கு மேலே இருப்பவரும் நம்புவதில்லை, கீழே இருப்பவரும் நம்புவதில்லை. வெளியே கிடைக்கும் அளவுகளை வைத்து, உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுப் படமாக்குவதற்கென்று சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வலையமைப்பு வைத்திருக்கின்றன. ஒரு குழு மூளையைப் பார்க்கிறது, ஒரு குழு கடலடியைப் பார்க்கிறது. எங்கள் குழுவின் பங்குக்கு வந்தது மலைச்சரிவு. அதில் நான் கம்பி அடிக்கும் கள உதவியாளன். ஸ்கேன் எடுப்பவரோ மழை வருமென்று சொல்பவரோ, கண்ணால் காணாததைச் சொல்லி ஏச்சு வாங்குகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வார்டில் ஒரு கேள்வி

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தேன். என் மனைவி இராசம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வட்டமான ஒரு மெசினுக்குள் படுக்கவைத்து, கத்தி படாமலே வயிற்றுக்குள் இருந்த கட்டியைப் படத்தில் காட்டினார்கள். வெட்டிப் பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சொன்னாலும் உங்களுக்கு விளங்காது என்றார் டொக்டர்.

வார்டுக்குத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தே அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். "வெளங்காதுன்னு அவரு சொன்னா விட்டுருவீங்களா? வெளங்கிக்கிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

வேலை கிடைத்த விதம்

விளங்க ஆறு வருடம் பிடித்தது. அவள் முதல் வருடமே போய்விட்டாள். யாரோ கழித்துப்போட்ட உயர்தரக் கணிதப் புத்தகங்களையும் போனில் வரும் பாடங்களையும் வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். மின்வேலைக்காக நான் போயிருந்த கந்தப்பளையில் ஒரு சரிவை அளக்க இந்தக் குழு வந்திருந்தபோது அவர்களுடைய மின்பெட்டி பழுதாகிவிட்டது. திருத்திக் கொடுத்துவிட்டு, ஒரே அளவுகளுக்குப் பல விடைகள் பொருந்தினால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். குழுவின் தலைவி ஒரு சிங்களப் பெண். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் கேட்டதும் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இதை என் மாணவங்க கேக்கணும்னு எத்தனை வருசமா காத்திருக்கேன்" என்றார் தமிழில். "நாளைக்கே வேலைக்கு வாங்க."

பிடுங்கிய கம்பிகள்

எங்கள் வேலை இதுதான். சரிவில் வரிசையாக இரும்புக் கம்பிகளை அடித்து, இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரம் அனுப்பி, வேறு இரண்டில் அளவு எடுப்போம். ஈர மண்ணில் மின்சாரம் லேசாகப் போகும், எண் குறையும்; காய்ந்த பாறையில் போகாது, எண் கூடும். நூற்றுக்கணக்கான அளவுகளிலிருந்து உள்ளே இருப்பது படமாக வரும்.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பன்னிரண்டு குடும்பங்கள். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது. படம் ஆபத்தைக் காட்டினால் மேலே இடம் தருவதாகத் தோட்டத்துத் துரை ஒப்புக்கொண்டிருந்தார். கம்பிகளை அடித்து, சிவப்பு நாடா கட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் ஒரு கம்பியும் இல்லை. எங்கள் சனம் கண்டவரை, லயத்துப் பக்கம் யாராவது குச்சி நட்டால் அது நிலத்தை அளந்து வேறு யாருக்கோ கொடுப்பதற்குத்தான். எங்களுக்குக் கொடுக்க ஒருவரும் அளந்ததில்லை. கொழுந்து பறிக்கும் தெய்வானை எல்லாக் கம்பியையும் விறகுக்கட்டு மாதிரிக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே எங்களக் கேட்டுட்டு அடிங்கண்ணே. கேக்காம அடிச்சா திரும்பவும் புடுங்குவோம்."

உப்பு

காய்ந்த மண்ணில் கம்பி சரியாகப் பிடிக்காவிட்டால் அதன் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். அன்று கொண்டுபோன உப்பு தீர்ந்துபோனது. கம்பி பிடுங்கியதற்குப் பரிகாரமோ என்னவோ, வீட்டுக்கு வீடு உப்புப் போத்தல் வந்தது. கடைசி வீட்டுப் பெரியவர் தன் போத்தலை அப்படியே என் கையில் கவிழ்த்தார். "பிரசருக்கு உப்பக் கொறைக்கச் சொல்லிட்டாங்க. என் பங்கையும் மலையே திங்கட்டும்."

வழுவழுப்பான படம்

பொருந்தும் விடைகள் பல இருந்தால், அதில் ஆக வழுவழுப்பானதை, திடீர் மாற்றம் எதுவும் இல்லாததை, எடுக்கும்படிதான் கம்பியூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறது. முதல் படத்தில் மலை சாதுவாக இருந்தது. துரைக்குச் சந்தோஷம். ஆனால் அளவுகளை ஒவ்வொன்றாக எழுதியவன் நான். ஓரிடத்தில் எண்கள் திரும்பத் திரும்பக் குறைந்தது எனக்குத் தெரியும். வழுவழுப்பைக் குறைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். ரொட்டிக்கு நடுவே தடவிய சம்பல் மாதிரி மெல்லிய ஈரப்படை ஒன்று, லயத்தின் பின்சுவரை நோக்கிச் சரிந்துகொண்டு கிடந்தது.

அளவில் வந்த பிழையாக இருக்கலாம் என்றார் மிஸ். பிழை ஒரே இடத்தில் இரண்டு தரம் வராது, மழையில் திரும்ப அளப்போம் என்றேன். அளந்தோம். அதே இடம், இன்னும் தடிப்பு. மிஸ் இரண்டு படங்களையும் துரைக்கு அனுப்பினார். இரண்டு இருந்தால் குழப்பம், முதல் படம் மட்டும் போதும் என்று தோட்டத்து ஒப்பீசிலிருந்து எனக்குப் போன் வந்தது. இரண்டாவதை நீக்க மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். பிறகு மிஸ்ஸைப் பிடித்து எது சரியான படம் என்று கேட்டிருக்கிறார்கள். மிஸ் சொன்ன பதிலை அவரே எனக்குச் சொன்னார்: "மழையில நின்னு எடுத்த படம்."

ஒப்பீஸ் வாசலில்

கடைசியில் துரை எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். இது வெறும் கணக்கு, உள்ளே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை, கணக்கில் வரும் தண்ணீருக்காகப் பன்னிரண்டு குடும்பத்தை மாற்ற முடியாது, தண்ணீரைக் கண்ணில் காட்டினால் பார்ப்போம் என்றார். நான் வாயைத் திறக்குமுன் தெய்வானை முன்னால் வந்தார். மலையிலிருந்து நேரே வந்தவர், கூடையைக்கூட இறக்கவில்லை. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று ஒவ்வொரு கூடையிலும் சில கிலோ கழிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம்.

"தொரை, எங்க கூடையில தண்ணி இருக்குன்னு கொட்டிப் பாக்காமலே கழிக்கிறீங்க. எங்க வீட்டுக்கு அடியில இருக்கிற தண்ணிய மட்டும் தோண்டிக் காட்டணுமா?"

துரை எழுந்து ஒப்பீஸுக்குள் போனார். அன்று மத்தியானமே பன்னிரண்டு குடும்பமும் சட்டி பானையோடு மேலே ஏறி, பூட்டிக்கிடந்த பழைய குவாட்டர்ஸைத் திறந்து குடியிருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த மழை முடிவதற்குள் கீழ் லயத்தின் பின்சுவர் மண்ணோடு உள்ளே வந்தது. அப்போது அங்கே யாரும் இல்லை. அனுமதிக் கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

மலைக்குள் இருப்பதைப் படமாக்க எங்களுக்கு இரண்டு நாள் போதும், அதை ஒப்பீஸுக்குள் இருப்பவர்களின் கண்ணில் படவைக்கத்தான் ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டியிருக்கிறது.