குகை வாசலில் முறிந்த ஆர்ச்சா

ஓஷ் நகரத்து மலைப்பக்கத்தில், ஜனங்கள் வேண்டிக்கொள்ள வரும் குகைக்குள் விளக்குப் பிடித்து ஆட்களை அழைத்துப்போவது புருல்சாவின் வேலை. மே மாதச் சூறைக்காற்றில் குகை வாசலில் நின்ற ஆர்ச்சா என்னும் பழைய ஊசியிலை மரம் பிளந்தது. ஒரு பெருங்கிளை ஒட்டியும் ஒட்டாமலும் வாசலுக்கு நேர் மேலே தொங்கியது. வன அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். வெட்டத் தடையுள்ள மரம், ஆய்வுக் குழு வந்து பார்க்காமல் தொடக்கூடாது என்றார்கள். வழியை மறித்துக் கயிறு கட்டினாள். வந்தவர்கள் தாண்டிப் போனார்கள்.

பத்தாம் நாள், கைக்குழந்தையோடு ஒருத்தி அந்தக் கிளையிலேயே வேண்டுதல் துணி கட்டிக்கொண்டிருந்தாள். புருல்சா அவளை இழுத்துக் கயிற்றுக்கு வெளியே விட்டாள். “சாமி கும்பிட வந்தியா, சாக வந்தியா?” என்று கத்தினாள். நேரே வீட்டுக்குப் போய் மோட்டார் ரம்பத்தோடு திரும்பினாள்.

வனக்காவலர் சத்தார் குதிரையில் விரைந்து வந்தார். “அக்கா, வேணாம்! கேஸ் ஆயிடும்!”

“அப்போ நீ இதுக்குக் கீழ உக்காரு. குழு வர்ற வரைக்கும் உக்காரு. நான் வெட்டல.”

சத்தார் அண்ணாந்து பார்த்தார். குதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தொங்கிய கிளையை மட்டும் அறுத்துத் தள்ளினாள். நின்ற பாதியைத் தொடவில்லை.

குழு ஜூலையில் வந்தது. வெட்டுவாயை அளந்து, அவள் செய்தது குற்றம் என்று எழுதி, கையெழுத்துக் கேட்டது.

“கிளை தொங்கினப்போ எங்கய்யா இருந்தீங்க? அதை முதல்ல எழுதுங்க, போடறேன்” என்றாள்.

அவர்கள் எழுதவில்லை. அவளும் போடவில்லை.