இருநூறு பூவரசம் டம்ளர்கள்

1. பன்னிரண்டு மர டம்ளர்களை மாதிரிக்காக மதுரைக்கு அனுப்பினோம். கடைக்காரருக்குப் பிடித்துப்போனது.
2. இருநூறுக்கு ஆர்டர் கொடுத்தார்.
3. அந்த வருஷம் மழை இல்லை. கண்மாய் வற்றிப்போனது.
4. கட்டைகளைக் கண்மாய்க்குப் பதிலாகச் சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டோம். அது என் முடிவு.
5. இருநூறில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.
6. இருநூறையும் கடைக்காரர் வேண்டாம் என்றார்.

எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு மகளிர் கடைசல் பட்டறையில் பயிற்சியாளராக இருந்தேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். இரும்பு கடையப் படித்தவளுக்கு மரம் கடைகிற வேலை கிடைத்தது. என்னிடம் ஆறு பெண்கள். எல்லோரும் அதற்குமுன் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர்கள். இந்த ஆர்டர் முடிந்தால் பட்டறை நிலைத்து நிற்கும், இல்லாவிட்டால் பூட்டிவிடுவோம் என்று பட்டறையை நடத்திய சங்கத்துச் செயலாளர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. இன்றைக்கும் அதைச் சொல்வேன். வேம்பு கசக்கும். மஞ்சணத்தி தண்ணீரை மஞ்சளாக்கிவிடும். வாகையைக் கடைந்தால் தூள் மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல். சீமைக்கருவேல் உறுதிதான், ஆனால் டம்ளர் அகலத்துக்குக் கோணாத கட்டை கிடைக்காது. பூவரசில் இந்தக் குறை எதுவும் இல்லை.

எந்த மரமானாலும் வெட்டியதும் கண்மாய்த் தண்ணீரில் சில மாதம் போட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மரத்தின் பால் இறங்கிவிடும், பூச்சி அரிக்காது. மாதிரி டம்ளர்கள் அப்படி ஊறிய கட்டையில் செய்தவை. கண்மாய் வற்றியதும் பட்டறைக் கிணற்றிலிருந்து தொட்டியை நிரப்பினேன். உப்புத் தண்ணீர் என்று தெரியும். உப்பில் ஊறிய கட்டை காயும்போது வெடிக்காது என்று கையேட்டில் படித்திருந்தேன். அதனால் நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, அதே கிணற்றுத் தண்ணீரை மேலே மேலே ஊற்றினோம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது. துடைத்துவிட்டேன்.

ருசியைச் சோதிக்காமலும் விடவில்லை. சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் நானும் ஆறு பெண்களும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

"எப்படி இருக்கு?" என்று முனியம்மாவிடம் கேட்டேன். ஆறு பேரில் அவள்தான் கைவேலை சுத்தமானவள்.

"தண்ணி மாதிரித்தான் இருக்கு டீச்சர். வேற எப்படி இருக்கணும்?"

நோட்டில் "ருசி: சரி" என்று எழுதினேன்.

சரக்கைப் பார்க்க மதுரைக் கடைக்காரர் நேரில் வந்தார். குடிக்கத் தண்ணீரும் மதுரையிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். அதில் கொஞ்சம் ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து ஒரு வாய் குடித்தவர் வாசலில் துப்பினார்.

"ஏங்க, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"நீங்க கொண்டாந்த தண்ணிதான் சார்."

"கடல்ல மொண்ட மாதிரி இருக்கே. உப்புக் கரிக்குது!"

முனியம்மா அதே டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தாள். "எங்கய்யா உப்பு? மதுரைக்காரவுக நாக்குல வெண்ணெ தடவி வச்சிருக்காக போல."

பெண்கள் சிரித்தார்கள். செயலாளர் வேறொரு டம்ளரில் ஊற்றி வைத்துக் குடித்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலயே."

"உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. வாங்குறவுக உங்க ஊர்க்காரவுக இல்லையே."

அவர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு டம்ளரில் இருந்ததைக் குடித்தேன். அப்போதுதான் எனக்கு உப்புத் தெரிந்தது. நான் பாலவனத்தத்துக்காரி. பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீர் குடித்த நாக்கை வைத்துக்கொண்டு உப்பைச் சோதித்திருக்கிறேன்.

"இருவது நாள் தாரேன். சரிபண்ணிக் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டவுனிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து டம்ளர்களை ஊறவைத்தோம். தினமும் மாற்றினோம். உப்பு இறங்கியது. பிறகு நிழலில் காயவைத்தோம். மூன்றாம் நாள் நடுப்பகலில் பட்டறைக்குள் டப் டப் என்று சத்தம் கேட்டது. வெடிக்காமல் பிடித்துவைத்திருந்ததே அந்த உப்புதான். ஒரு வாரத்தில் பதினேழு டம்ளர் மிஞ்சின. பதினேழை வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரரிடம் என்ன பேசுவது?

பூட்டு வாங்கிவரச் செயலாளர் ஆள் அனுப்பிய அன்று முனியம்மா சொன்னாள்: "வெசனப்படாதீக டீச்சர். நீங்களும் இதே தண்ணியக் குடிச்சு வளந்தவுகதானே."

அவள் திட்டியிருக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குடிக்கிற பாத்திரம் செய்தால், வேறு தண்ணீர் குடிக்கும் ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மதுரைக்கு ஒரு பஸ் பிடித்திருந்தால் போதும். எனக்கு அது தோன்றவில்லை.

அதற்குப்பிறகு பட்டறை திறக்கவே இல்லை. கடைசல் மெஷினை எடுத்துப்போய்விட்டார்கள். நான் விருதுநகரில் இரும்பு கடைகிறேன். ஆறு பேரில் ஒருத்தி தறிக்குப் போகிறாள். முனியம்மாவும் மற்ற நால்வரும் கரிமூட்டத்தில் இருக்கிறார்கள்.